பச்சை மைக் கையெழுத்து

"அநியாயம் உஷா! இது பசங்க பண்ணின படகே இல்லை."

நீச்சல் குளத்தின் கரையில் நின்று சௌந்தரராஜன் மனைவியிடம் கொதித்தார்.

பச்சைப் படகு அக்கரையைத் தொட்டுவிட்டது. அவர் மகள் ஹம்ஸினியின் ஆரஞ்சுப் படகு நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு பக்கம் சாய்ந்தபடி இரண்டாவதாக வந்தது. மற்றவை ஊறி முழுகிவிட்டன.

பள்ளியில் எட்டாம் வகுப்புப் பசங்க ஏறி ஓட்டும் அட்டைப் படகுப் போட்டி. அட்டை, பசை, டேப், மேலே பூச பெயிண்ட், இவை தவிர எதுவும் கூடாது. பெரியவர்கள் கை படவே கூடாது. படவில்லை என்று ஒவ்வொரு அப்பாவும் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். ஜெயிக்கிற டீமுக்கு விசாகப்பட்டினம் போய் நீர்மூழ்கிக் கப்பல் பார்க்கும் வாய்ப்பு.

சௌந்தரராஜன் போட்டுக் கொடுத்தார். கெஜட்டட் ஆபீசர் ஆயிற்றே, பச்சை மையில், முத்திரையோடு. கொடுத்த கையோடு காஞ்சன்பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடியில் படகு கட்ட உட்கார்ந்துவிட்டார்.

ஆபீஸில் ஒரு ஃபைல் அவர் மேஜையைத் தாண்ட மூன்று மாதம் ஆகும். படகு பத்தே நாளில் தயார். நேற்று அதை மாருதியின் தலையில் கட்டிக்கொண்டு வந்து பள்ளியில் இறக்கினார். "பெயிண்ட் மட்டும் நீங்க அடிங்கோ" என்று பெரிய மனதோடு விட்டுக்கொடுத்தார்.

"நம்ம படகும் நீங்க பண்ணினதுதானே?" என்றாள் உஷா.

"மெதுவாப் பேசு. நான் பண்ணினது கைடன்ஸ். அது வேற. நம்ம படகு அருமையான படகு. இதுகளுக்கு ஓட்டத் தெரியலை. ஆனா அந்தப் பச்சையைப் பாரு, துளி வளையலை. மூணு அடுக்கு அட்டையாவது இருக்கும். எந்தப் பையனுக்கு இதெல்லாம் தெரியும்?"

"யாரோட டீம் அது?"

"ஃபெலிக்ஸ் பையன் ஜோயலோடது. ஹைடெக் சிட்டி ஐ.டி. கம்பெனிச் சம்பளம். ஆள் வச்சுப் பண்ணியிருப்பான். அங்க பாரு, ஒண்ணும் தெரியாத மாதிரி கை தட்டறதை!"

விறுவிறுவென்று நடுவர் மேஜைக்குப் போனார். சயின்ஸ் டீச்சர் பத்மப்ரியா உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், முதல்ல வந்த படகை டிஸ்குவாலிஃபை பண்ணணும். அது பெரியவங்க கட்டினது."

"எப்படி சார் சொல்றீங்க?"

"இருபது வருஷ சர்வீஸ். பார்த்தாலே தெரியும்."

பத்மப்ரியா குரலைத் தாழ்த்தினாள். "விட்டுடுங்களேன் சார். பசங்க விளையாட்டுதானே."

"எப்படி விடறது? பெத்த அப்பனே பொய்க் கையெழுத்துப் போட்டா குழந்தைகள் என்னத்தைக் கத்துக்கும்?"

"வேண்டாம் சார், ப்ளீஸ்."

"பேப்பர் குடுங்கோ. எழுத்திலேயே தரேன்."

சட்டைப் பையைத் தடவினார். பச்சை மைப் பேனாவை நேற்றிலிருந்தே காணோம். நீல மையில் கையெழுத்துப் போடுவது அவருக்குப் பனியனோடு ஆபீஸ் போவது மாதிரி. இருந்தாலும் நியாயத்துக்காகப் போட்டார்.

'இந்தப் படகைச் செய்தவர் பொறியியல் அறிந்த, வயதில் மூத்த நபர். இது அப்பட்டமான மோசடி.'

பத்மப்ரியா வாங்கிப் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"சார், பச்சைப் படகு போட்டியிலேயே இல்லை. ஜோயல் டீம் செஞ்ச படகு வியாழக்கிழமை மழையில ஊறிப் போச்சு. பாவம், சும்மாவாவது கலந்துக்கட்டும்னு இன்னொரு டீம் ஒரு படகைக் கொடுத்தாங்க. ஜெயிச்சது உங்க ஹம்ஸினி டீம்தான்."

சௌந்தரராஜன் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படியா! அப்போ என் படகுதான்... அதாவது, குழந்தைகளோட படகுதான்! அது சரி, அந்தப் பச்சையைக் குடுத்தது யாரு? அந்த அப்பா யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"காட்டக் கூடாதுன்னுதான் இருந்தேன் சார்."

ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். ஹம்ஸினியின் கோணல்மாணல் ஆங்கிலக் கையெழுத்து. பச்சை மை.

'மேம், நாங்கள் எங்கள் டீம் ஸ்ரேயா வீட்டில் நாங்களே செய்த படகில்தான் போட்டியிடுகிறோம். டாடி செய்ததை ஜோயல் டீமுக்குக் கொடுத்துவிட்டோம். அதற்குப் பரிசு வேண்டாம். டாடி போட்ட கையெழுத்து பொய்யாகிவிடக் கூடாது, அதனால்தான். பத்து நாள் அட்டை வெட்டி அவர் விரலெல்லாம் காயம். நாங்கள் ஜெயித்தால், தன் படகுதான் ஜெயித்தது என்று டாடி சந்தோஷப்பட்டுக்கொள்ளட்டும். அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ்.'