ஆராய்ச்சிக்குக் கொடுத்த ரத்தம்

பெலிண்டா அண்ணி டிபன் கேரியரோடு ஒரு பேப்பர் தட்டையும் பையிலிருந்து எடுத்தார்.

"தம்பிக்கு இதுல போடு ராணி. சாப்பிட்டதும் தூக்கிப் போட்டுடலாம்."

உறையூரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு வந்து, கூடப்பிறந்த தம்பியைப் பார்க்கிற அக்கா பாசம் இது.

என் கணவர் தைரியராஜ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை. கழுத்துக் கட்டி தொண்டையை அடைக்கவில்லை, வெட்கம்தான் அடைத்தது. நாளைக்கு முதல் கீமோ. சாப்பிடாவிட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டர் காலையில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

எச்.ஐ.வி. மாத்திரையை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. வைரஸ் அடங்கித்தான் இருந்தது. ஆனால் உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்புமாம், அதற்கு சைட்டோகைன் என்று பெயர். அந்தச் சேதி மட்டும் ஓயவே இல்லை. ஆபத்து, பெருகுங்கள் என்று வருஷக்கணக்கில் ஒரே கூப்பாடு, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப் மாதிரி. அப்படிப் பெருகியதில் ஏதோ ஒரு செல் தடம் மாறி லிம்போமா என்ற புற்றுநோய் ஆகிவிட்டது.

இதை விளக்கிய டாக்டர், தட்டாலும் டம்ளராலும் எச்.ஐ.வி. பரவாது என்பதையும் அண்ணி எதிரிலேயே சொன்னார். அண்ணி நன்றாகத் தலையாட்டினார். தலையாட்டிவிட்டுப் போய் பேப்பர் தட்டு வாங்கி வந்திருக்கிறார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் எவர்சில்வர் தட்டை எடுத்து ரசம் சாதத்தைக் கொட்டிப் பிசைந்தேன். முதல் வாயை நான் தின்றேன். அதே கையால் அடுத்த வாயை அவரிடம் நீட்டினேன். பிறகு எனக்கு. பிறகு அவருக்கு.

வார்டே பார்த்தது. பார்க்கட்டும்.

அவர் அழுதுகொண்டே தின்றார்.

அண்ணி முகத்தைச் சுளித்தார். "உனக்கென்னம்மா, உனக்கும்தான் இருக்கு. இனிமே எதுல தின்னா என்ன?"

நான் அடுத்த வாயை உருட்டினேன்.

தட்டு காலியாகும் நேரத்தில் லேப்பிலிருந்து மெஹ்ரீன் வந்தாள். வேலைக்குப் புதுசு. அந்தச் சைட்டோகைன்களை அளக்கும் ஆராய்ச்சிக்காக எங்கள் இருவரிடமும் ரத்தம் எடுக்க வேண்டும் என்றாள். முதலில் அவரிடம் எடுத்தாள். சோற்றுக் கையை ஒதுக்கி நான் இடது கையை நீட்டினேன்.

அவர் டியூபில் ஒட்டிய அதே சிவப்பு ஸ்டிக்கரை என் டியூபிலும் ஒட்டப் போனாள்.

"அது வேணாம்மா," என்றேன், அண்ணி காதில் நன்றாக விழும்படி. "எனக்கு எச்.ஐ.வி. இல்லை. நோய் இல்லாதவங்க ரத்தத்தோட ஒப்பிட்டுப் பாக்கத்தான் என்கிட்ட எடுக்கச் சொல்லியிருக்காங்க."

அண்ணி என்னையும் காலித் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

தைரியராஜ் மட்டும் ஆச்சரியப்படவில்லை. என் ரிப்போர்ட் அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். நோய் இல்லாதவள் அதே தட்டில் தின்று ஊட்டியதால்தான் அவர் தின்றார்.