வெள்ளைத் தொப்பி

போர்டில் தொங்கிய 364-ஐக் கழற்றிவிட்டு 0-வை மாட்டினாள் லோர்னா.

மர மில்லில் இருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ‘விபத்து இல்லாத நாட்கள்’ ஒரு வருடத்தைத் தொட ஒரே ஒரு நாள்தான் பாக்கி. தொட்டிருந்தால் ஆளுக்கொரு ஜாக்கெட். அதோடு, மான் வேட்டை தொடங்குகிற சனிக்கிழமை சம்பளத்துடன் லீவு. அந்தச் சனிக்கிழமையில் கல்யாணம் வைத்தால் அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்தில் மாப்பிள்ளையே வரமாட்டான்.

எல்லாம் ரோலண்டின் உள்ளங்கையால் வந்தது. மெஷின் சங்கிலி கிழித்துவிட்டது. டேப்பைச் சுற்றி, மேலே கையுறையை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். கையுறையில் ஊறிய ரத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது.

“கையைக் காட்டு ரோலண்ட்.”

“வீட்டுல கத்தி பட்டுது. விடுங்க லோர்னா.”

“காலைல நல்லா இருந்த கைதானே? ஆஸ்பத்திரிக்குப் போ, தையல் போடணும்.”

“நாளைக்குப் போறேனே. இருபத்திரெண்டு பேர் வயித்தெரிச்சல் எனக்கு வேண்டாம்.”

அவள் நேராகப் போர்டுக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டாள்.

மதியம் சாப்பாட்டு அறையில் அவள் மேஜையில் யாரும் உட்காரவில்லை.

“ஃபோர்மேன்னு வெள்ளைத் தொப்பி போட்டு மூணு மாசம் ஆகல, அதுக்குள்ள இந்தத் தலைக்கனம்,” என்றான் டேரில், அவள் காதில் விழும்படியே. “ஜாக்கெட் போனது நமக்கு. அவளுக்கு என்ன போச்சு?”

ரோலண்டுக்குப் பொறுக்கவில்லை. தன்னால் கெட்டதைத் தானே சரிசெய்வது என்று மேனேஜர் கிம்பலின் அறைக்குப் போனான்.

“இது வீட்டுல வெட்டிக்கிட்டது. எழுதியே தரேன்.”

கிம்பலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “புண்ணியவான்டா நீ. எழுது, லோர்னா அறிக்கையைக் கிழிச்சுப் போட்டுடலாம்,” என்று பேனாவை நீட்டினார்.

மேஜைமேல் லோர்னாவின் அறிக்கை கிடந்தது. தன்னைப் பற்றி என்னதான் போட்டுக்கொடுத்திருக்கிறாள் என்று எடுத்துப் படித்தான் ரோலண்ட்.

‘காரணம்: சங்கிலியின் மூடி கழன்று ஆடியது. திங்கட்கிழமையே ரோலண்ட் சொன்னான். இந்த வார லோடு போகட்டும் என்று மெஷினை நிறுத்தாமல் விட்டது நான். தவறு என்னுடையது.’

“இது மேலிடத்துக்குப் போனா அவ பதவி காலி,” என்றார் கிம்பல். “எவ்வளவோ சொன்னேன். ‘மறைச்சா மூடி அப்படியேதான் கிடக்கும், அடுத்தவனுக்கு விரலே போகும்’னு சொல்லி மெஷினையும் நிறுத்திட்டுப் போயிட்டா. நீ எழுதிக் கொடு, அவளும் பிழைச்சுக்குவா.”

ரோலண்ட் பேனாவைக் கீழே வைத்தான்.

அவன் திரும்பி வந்ததும் டேரில் எழுந்தான். “என்னாச்சு? 364 திரும்ப வருதா?”

“வராது.”

எல்லோர் முன்னாலும் கையுறையைக் கழற்றினான் ரோலண்ட். லோர்னாவின் மேஜைக்குப் போனான்.

“தையல் போடணும். வண்டியில கூட்டிட்டுப் போறீங்களா?”

அவள் பாதி சாண்ட்விச்சை அப்படியே வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தாள்.

“நீயும் அவ பக்கம் சாஞ்சிட்டியா?” டேரிலுக்கு ஆறவே இல்லை. “நமக்கு எல்லாம் போச்சு. அவளுக்கு என்னடா போச்சு?”

ரோலண்ட் வாசலில் நின்று திரும்பினான்.

“அந்த வெள்ளைத் தொப்பி.”