சுவரைப் பார்த்தவர்

"நாலு மணிக்குள்ள ஆயிடுமா?"

மூன்றாவது முறையாகக் கேட்டேன். கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர் நிமிரவில்லை.

நாலு மணிக்கு வெளிநாட்டிலிருந்து மகள் வீடியோவில் வருவாள். "அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். எழுத வரலைப்பா" என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

என் மனைவிக்குக் காது கேட்காது. அம்மாவும் பெண்ணும் கைகளால்தான் பேசிக்கொள்வார்கள். போன் திரையில் விரல் அசைவு இவள் கண்ணுக்குப் பிடிபடாது. கம்ப்யூட்டரின் பெரிய திரையிலோ, அதை இயக்கும் லினக்ஸை நான் புதுப்பித்ததிலிருந்து படம் திக்கித் திக்கி ஓடியது. பாதிப் பேச்சு காணாமல் போனது.

"திரையில படத்தை ஓட்டுற கிராபிக்ஸ் டிரைவரை சோர்ஸ் கோட்லேருந்து நானே உருவாக்கிப் பார்த்தேன். மூணு நாள்!" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"சட்டை வேணும்னா கடைக்குப் போவீங்களா, பருத்தி விதைப்பீங்களா சார்? உங்க வெர்ஷனுக்கு யாரோ ரெடியா பேக்கேஜ் போட்டு வெச்சிருக்காங்க."

நான் செய்துவைத்ததை அழித்தார். ஒரே ஒரு வரி தட்டினார். ரீஸ்டார்ட்.

மணி நாலு. மகள் வந்தாள். விரல்கள் தண்ணீராய் ஓடின. முகம் தெரியாத அந்த யாரோவுக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

ரிப்பேர்காரர் நாற்காலியோடு திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"படம் சரியா வருதான்னு பாருங்க."

"நீங்களே பாருங்க சார். பேசி முடிக்கட்டும். நடுவுல நின்னா சொல்லுங்க."

"ரிப்பேர் பண்ணது நீங்கதானே?"

அவர் திரும்பவே இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. இவள் கையசைத்தாலே பஸ்ஸில், கடையில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களை முப்பது வருடமாகப் பார்த்தாயிற்று. என் வீட்டுக்குள்ளுமா?

திரையில் மகள் இரண்டு கைகளையும் மெதுவாக வயிற்றில் வைத்தாள். இரண்டு முறை கரு கலைந்த வயிறு.

'இந்தத் தடவை நாலு மாசம் தாண்டிடுச்சும்மா. இன்னும் யாருக்கும் சொல்லலை.'

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா, தெரியவில்லை.

எல்லாம் முடிந்து ரிப்பேர்காரர் கிளம்பும்போது, வாசலில் அவருக்குக் கைகளால் நன்றி சொன்னாள். அதை நான் எடுத்துச் சொல்ல வாயைத் திறப்பதற்குள், அவர் பையைக் கீழே வைத்தார். இரண்டு கைகளும் பிசிறில்லாமல் அசைந்தன.

'இருக்கட்டும்மா. போயிட்டு வர்றேன்.'

நான் விழித்தேன். "உங்களுக்கு... இது..."

"எங்க அம்மாகிட்ட கத்துக்கிட்டது சார்" என்றபடி பையை எடுத்துக்கொண்டார். "திரையைப் பார்த்தா எனக்குக் கேட்டுடும். அதான்."