ரெண்டு தடவைக்கு மேல் கூடாது

“ஏம்மா, இது என் கையா, இல்ல நீ ஊசி குத்திப் பழகுற தலையணையா?”

லாரி டிரைவர் கட்டிலில் படுத்தபடி போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.

புது சிஸ்டர் அவர் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். டிரிப்ஸ் ஏற்ற நரம்பு தேடி ஒரு தடவை குத்தினாள், கிடைக்கவில்லை. இன்னொரு தடவை குத்தினாள், அதுவும் போச்சு. ரெண்டு தடவைக்கு மேல் ஒருத்தரே குத்தக் கூடாது. அனுபவம் உள்ளவரைக் கூப்பிட்டாக வேண்டும். நர்ஸ் வேலையில் அது ஒரு கணக்கு.

“சாரி சார். சீனியர் சிஸ்டரைக் கூப்பிடறேன்.”

“அதை முதல்லயே செஞ்சிருக்கலாம்ல? வெள்ளைச் சட்டை மாட்டிட்டா ஆச்சா?”

சீனியர் சிஸ்டர் வந்தாள். “தள்ளிக்கோ” என்றாள். ஒரே குத்து, ஏறிவிட்டது.

“பாத்தியா, இதுக்குப் பேருதான் கைராசி” என்றார் டிரைவர்.

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். திட்டு வாங்கினால்கூட மறந்துவிடலாம், இந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது சாப்பாட்டு நேரம் வரைக்கும் கூடவே வரும்.

படிப்பு முடிந்த கையோடு கிடைத்த முதல் வேலை இது. காலேஜில் ரப்பர் கையில் ஊசி போடச் சொன்னால் வகுப்பிலேயே இவள்தான் கெட்டிக்காரி. ஆனால் ரப்பர் கைக்கு வலிக்காது. அதற்கு வாயும் கிடையாது.

மத்தியானம் மற்ற சிஸ்டர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து யாரோ வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் இவளை வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று இவளுக்கும் உண்டுதான். ஆனால் வார்டில் எல்லாருக்கும் இவள் வெறும் ‘புதுசு’.

சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். அம்மாவுக்குப் போன் போட்டாள். ரொம்ப நேரம் மணி அடித்த பிறகுதான் அம்மா எடுத்தாள்.

“சொல்லுடி.”

“அம்மா, நான் வீட்டுக்கே வந்துடட்டுமா?”

“எதுக்கு?”

“இந்த வேலை எனக்குச் சரிப்படாதும்மா. இன்னிக்கும் நரம்பு கிடைக்கல. எல்லார் முன்னாடியும் மானம் போச்சு. பேசாம வேலையை விட்டுட்டு வந்துடறேன்.”

“அதெல்லாம் வேண்டாம். இப்ப வராதே.”

“லீவு போட்டாவது வரட்டுமா? உன் பக்கத்துல ஒரு நாள் படுத்துத் தூங்கினாப் போதும்.”

“லீவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அங்கயே இரு.”

அம்மாவா இப்படிப் பேசுகிறாள்? காலேஜ் ஹாஸ்டலில் லேசாக ஜுரம் என்றாலே பஸ் பிடித்து ஓடி வருகிறவள் அவள்.

அம்மாவுக்குப் பின்னால் யாரோ பேசும் சத்தம் கேட்டது.

“யாரும்மா அங்க?”

“ஆளுங்க வந்திருக்காங்க. அப்புறம் பேசறேன். சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன்.”

மூடி திறக்காத டப்பா மடியில்தான் இருந்தது.

“சரி, வை.”

இந்த வாரம் முழுக்க இதே பாட்டுதான். போன் போட்டால் கைவேலையாக இருக்கிறேன் என்பாள், இல்லாவிட்டால் ஆள் வந்திருக்கிறது என்பாள். வந்தவர்களிடம் பேச நேரம் இருக்கிறது, பெற்ற பெண்ணிடம் பேச நேரம் இல்லை. கட்டிக்கொடுத்தால்தான் பெண் அடுத்த வீட்டுக்காரி ஆவாள் என்பார்கள். வேலைக்கு அனுப்பினாலே ஆகிவிடுவாள் போலிருக்கிறது.

இந்த உலகத்தில் தனக்கென்று ஒருத்தரும் இல்லை என்று தோன்றியது. அழுகை வந்தது, அழுதாள். பிறகு குழாயடியில் முகத்தைக் கழுவினாள். வீட்டுக்கும் வராதே என்று சொன்ன பிறகு வார்டை விட்டால் வேறு எங்கே போவது? உள்ளே போனாள்.

அங்கே, சொந்த ஊர் ஆஸ்பத்திரிக் கட்டிலில், அம்மா போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

“யாரும்மா போன்ல?” என்று கேட்டாள் கட்டிலருகில் நின்ற சின்ன வயசு நர்ஸ்.

“என் பொண்ணு. நான் படுத்திருக்கேன்னு தெரிஞ்சா வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவா. அவ குரலைக் கேட்டா எனக்கு அழுகை வந்துடும். அதான் பட்டுனு வெச்சுட்டேன்.”

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். “உங்களுக்கு ரெண்டு தடவை குத்திட்டேன்மா, நரம்பு கிடைக்கல. பெரிய சிஸ்டரைக் கூப்பிடறேன்.”

“யாரையும் கூப்பிடாதே.”

“ரெண்டு தடவைக்கு மேல கூடாதும்மா. எனக்குத்தான் திட்டு விழும்.”

“திட்டினா நான் சொல்லிக்கறேன். வலிக்கறது என் கைதானே?”

வீங்கிப்போன கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, அம்மா மற்றக் கையை நீட்டினாள்.

“நீ பயப்படாமக் குத்தும்மா. நான் உனக்குக் கை நீட்டினாத்தானே, என் பொண்ணுக்கும் யாராவது நீட்டுவாங்க.”