இனிஷியல்

தாத்தாவின் பெயரைத் தேடித்தான் மாதங்கி இணையப் பதிவகத்துக்குள் நுழைந்தாள். அதுவோ அவள் பிறந்த வருடத்துப் பத்திரிகை ஒன்றை எடுத்து நீட்டியது. ஓரத்தில் சின்னதாக ஒரு கண்ணீர் அஞ்சலி: ‘பரமானந்தம், வயது 27. வருந்தும் மனைவி கோமளவல்லி, கைக்குழந்தை மாதங்கி.’

கோமளவல்லி, இறந்துபோன அவள் அம்மா. ஆனால் அப்பா பெயர் சேதுராமலிங்கம் அல்லவா!

பதறிப்போய் மூடுவதற்குள், “பிழை திருத்தப்பட்டது” என்றது திரை. அடையாள அட்டையிலிருந்து வாசல் கதவு வரைக்கும் சே. மாதங்கி நொடியில் ப. மாதங்கி ஆகிவிட்டாள்.

“பழையபடி மாத்து!” என்று கத்தினாள்.

“சான்று இருக்கிறதா?”

சைக்கிளில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட பதினோரு வருடத்துக்கு எந்தப் பத்திரிகையில் சான்று இருக்கும்?

அப்பாவிடம் கேட்பதா, மறைப்பதா? கூடத்துக்கும் அடுக்களைக்கும் நிலைகொள்ளாமல் நடந்தாள். பால் வாங்கப் போனவர் அதற்குள் வந்துவிட்டார். அவரைக் கண்டதும் தானே திறக்கும் கதவு இன்று திறக்கவில்லை.

“மாதங்கி...” வெளியிலிருந்து குரல் வந்தது. “உனக்கு நான் என்ன உறவுன்னு கதவு கேக்குதும்மா.”

பால் பாத்திரத்தை அவர் வாசலில் வைக்கும் சத்தம் கேட்டது.

“என்னன்னு சொல்லட்டும்?”