கேட்டது மட்டும்

தென்காசியில் தனியாக இருக்கும் ராசையாவின் கழுத்தில் பதித்த சில்லு, அவர் உடம்பைப் பற்றி எது கேட்டாலும் சொல்லும். பதிக்க வந்த பெண், "தினமும் எல்லாத்தையும் அனுப்பட்டுமா, கேட்டதை மட்டும் அனுப்பட்டுமா சார்?" என்றாள்.

மகன் இளவேந்தன், ஒரு மென்பொருள் கேட்டதை மட்டும் இன்னொன்று எடுத்துக் கொடுக்கும் ஏபிஐகளை வடிவமைத்தே பிழைப்பவன். இதில் யோசிக்க அவனுக்கு என்ன இருக்கிறது? "கேட்டது போதும்மா. மத்ததெல்லாம் குப்பை," என்றான், அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே. நாடித்துடிப்பு, சர்க்கரை, மாத்திரை என்று மூன்றே கேள்விகளை எழுதிவிட்டுப் பெங்களூருக்கு ரயிலேறினான்.

மூன்றுக்கும் தினமும் அவன் போனில் 'சரி' என்று பச்சை விளக்கே வந்தது. போன் பேசக்கூடத் தேவைப்படவில்லை. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைத்தான் உதாரணம் காட்டுவான்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்தவன், மகள் வரைந்த படத்தை நீட்டினான். "பாப்பா உங்களை வரைஞ்சிருக்காப்பா."

"நல்லாருக்குய்யா," என்றார் ராசையா, சுவரைப் பார்த்து.

"அப்பா... கண்ணு?"

"அது ஆடியிலயே போயிருச்சு."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்குறதெல்லாம் ஒழுங்கா வந்துச்சுல்ல? பெறகு குப்பையை எதுக்குய்யா உனக்கு அனுப்பணும்?"

அவர் குரலில் துளிக் குத்தல் இல்லை. இளவேந்தன் தலை குனிந்து நின்றான். அதுவும் அவருக்குத் தெரியவில்லை.