தாளத்துக்குப் பின்னால்

ஒலிப்பதிவுக் கூடத்தில், தான் பாடி முடித்த கடைசிப் பாட்டை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்கிறாள் வெர்டெல். எண்பத்தொரு வயது ஜாஸ் பாடகி. இதுதான் தன் கடைசி ஆல்பம் என்று அவளே சொல்லிவிட்டாள். சிகாகோவின் மதிய வெயில் சன்னல் வழியே வந்து ஒலிப்பதிவு மேசையின் பொத்தான்களில் மின்னுகிறது. தொடையில் தட்டிக்கொண்டிருந்த அவள் விரல் சட்டென்று நிற்கிறது. அவள் பாடிய ஒவ்வொரு சொல்லும் டிரம்ஸ் அடியின் மேலேயே ஆணி அடித்தாற்போல் விழுகிறது.

"யாரு பாடறது இது?"

"நீங்கதான், மிஸ் வெர்டெல்," என்கிறான் தயாரிப்பாளன் பிராண்ட், சிரித்தபடி. "அங்கங்க சொல்லு அடிக்குக் கொஞ்சம் லேட்டா விழுந்துச்சு. வயசானா அப்படித்தானே. கம்ப்யூட்டர்ல இழுத்து நேராக்கிட்டேன்."

நாற்பது வருடமாக அவளுக்கு டிரம்ஸ் வாசிக்கும் லூஷியஸ், காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருக்கும் பாடும் அறைக்குப் போய்க் குச்சிகளை எடுத்துக்கொள்கிறார்.

"இருபத்தஞ்சு வயசுலயும் வேணும்னேதான் அடிக்கு லேட்டா பாடினேன்டா. அதைக் கேக்கத்தான் ஜனங்க டிக்கெட் வாங்கினாங்க. அதையா தொடச்சுப் போட்ட?" வெர்டெலின் குரல் உயரவில்லை. கைத்தடியை ஊன்றி எழுகிறாள்.

உள்ளே போய் மைக் முன் நிற்கிறாள். லூஷியஸ் தொடங்குகிறார். அவள் பாட வேண்டிய அடி வருகிறது, போகிறது. அவள் வாய் திறக்கவில்லை. கண்ணாடி வழியே பிராண்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மறந்துவிட்டாள் என்று பதறி அவன் கை ஒலிப்பதிவை நிறுத்தும் பொத்தானுக்குப் போகிறது. விரல் அதில் படும்வரை காத்திருந்து, முதல் சொல்லை அவன் முகத்தில் விட்டெறிகிறாள்.